நழுவிய பந்து

சிலிகுரி
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பெஞ்சமின் எழுதுவது. நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நைனாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? மாமாவின் லோடு ஆட்டோ ஓடுகிறதா, நிற்கிறதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். எங்கள் கிளப்புக்குப் புது மேனேஜர் வந்ததிலிருந்து ஆட்டக்காரர்களின் போனை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுகிறார். ஒழுக்கமாம். ஞாயிறு சாயங்காலம் கொஞ்ச நேரம் தருவார். அப்போதும் பக்கத்திலேயே நின்று பல் குத்திக்கொண்டிருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்தக் குச்சி பல்லில் உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உன்னோடு என்ன பேசுவது? கடிதம் எழுதுகிறவன் ஒருவன் இன்னும் இருப்பான் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதனால் தபாலுக்குத் தடை இல்லை.

உன் பள்ளி அணிக்குக் கோல்கீப்பராக ஒரு பெண் வந்திருக்கிறாள், அவளுக்கு என்ன சொல்லித் தரலாம் என்று போன ஞாயிறு கேட்டாய். முதலில், வேண்டாம் என்று சொல். கேட்கமாட்டேன் என்றால் கையுறையிலிருந்து ஆரம்பி.

கீப்பரின் கையுறை மாதிரி நாறும் பொருள் உலகத்தில் வேறு இல்லை. செத்த எலியை ஈரத்துணியில் சுற்றி வைத்தது போல இருக்கும். நான் இருக்கும் அறையில் சுவரெல்லாம் பூஞ்சை, ஜன்னல் திறக்காது, அதோடு இந்த நாற்றம். சோற்றுத் தட்டில் கை வைத்தால் விரலிலிருந்து அதே வாடை வருகிறது. அவளிடம் சொல்: ஆட்டம் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் உள்ளங்கை ரப்பர் வெடித்துவிடும். பைக்குள் ஈரமாகத் திணித்தால் அன்றைக்கே அழுகல்தான்.

மற்றது பிறகு. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
பெஞ்சமின்

உத்திரமேரூர்
24 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு ஷீபா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம், நைனாவின் முட்டியைத் தவிர. மழைக்கு வீங்கிக்கொண்டு, நாற்று நட வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? கடிதத்தில் சோற்றைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எனக்கே அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கையுறை விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயர் சசிரேகா. ப்ளஸ் ஒன் படிக்கிறாள். வாய் திறக்காத பெண். ஆனால் பந்து வரும்போது கண்ணை மூடமாட்டாள். ஒரு பி.டி. டீச்சருக்கு அது போதும்.

நாற்றத்தைப் பற்றி நீ எழுதினாய். நானும் எழுதுகிறேன். நம் காலனிக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி நீ விளையாடிய மைதானத்தில்தான் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கோழிப்பண்ணை வேதகிரி, செத்த பிராய்லர் கோழிகளையும் குடலையும் மூட்டை கட்டிக் கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் கொண்டுவந்து கொட்டுகிறார். நாய் இழுத்து வந்து மைதானம் முழுக்கப் பரப்பிவிடுகிறது. போன வாரம் சசிரேகா ஒரு பந்துக்குப் பாய்ந்தாள். பந்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தவளின் முழங்கையில் புழு நெளிந்தது. மற்ற பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். அவள் மண்ணில் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடியும் கம்பத்தடியில் போய் நின்றாள். 

இன்னொன்று கேள். இதே வேதகிரி உன் பெயரில் மாசி மாதம் ஒரு கால்பந்துப் போட்டி நடத்தப் போகிறாராம். பேருந்து நிலையத்தில் உன் படம் போட்டு பேனர் வைக்க நைனாவிடம் உன் போட்டோ கேட்டு ஆள் அனுப்பினார். அடுத்த தேர்தலில் நிற்கும் எண்ணம் போலிருக்கிறது. என்ன சொல்லட்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
ஷீபா

சிலிகுரி
9 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். நைனாவை வயலுக்கு அனுப்பாதே.

போட்டோ தராதே. அவர் தேர்தலுக்கு என் மூஞ்சி எதற்கு? எங்கள் சின்ன வயதில் அவர் களத்து மேட்டில் பந்து விழுந்தால், எடுக்கப் போகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பந்தை அவர் காலால்தான் தள்ளிவிடுவார். இப்போது அதே பந்துக்கு மாலை போடுகிறார்.

சசிரேகாவுக்கு: வாய் திறக்காத பெண் கீப்பர் ஆக முடியாது. கீப்பருக்குக் கையைவிடத் தொண்டை முக்கியம். மைதானம் முழுவதையும் பார்த்துக்கொண்டு நிற்பவள் அவள் ஒருத்திதான். "இடது பக்கம் ஆள் வருது", "விடு, என் பந்து" என்று கத்த வேண்டும். பெண்பிள்ளை கத்தக்கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். அதை நீதான் உடைக்க வேண்டும்.

அடிப்பவளின் முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் பொய் சொல்லும். ஊன்றிய காலைப் பார்க்கட்டும். அவள் கால் பந்தில் படும் நேரத்தில் நம் இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும். ஒரு கால் காற்றில் இருந்தால் எந்தப் பக்கமும் பாய முடியாது. தனியாக ஒருத்தி ஓடி வந்தால் கடைசிவரை விழாமல் நிற்கட்டும். முதலில் விழுகிறவள் தோற்றாள்.

கோல் வாங்கிவிட்டால், வலைக்குள் இருக்கும் பந்தை அவளே எடுக்க வேண்டும். தடுப்பாட்டக்காரியைப் பார்த்துக் கையை விரிக்கக் கூடாது. அந்த மாதிரிக் கீப்பர்களைக் கண்டாலே எனக்கு அருவருப்பு.

இங்கே என் அறையில் இருப்பவன் வசந்த்குமார். வியாசர்பாடிப் பையன், எனக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடும் ஸ்டாப்பர். நல்லவன். இரவெல்லாம் மூக்குறிஞ்சுவான், அதை மன்னித்துவிட்டேன். ஆனால் இந்த வாரம் அவன் பேசுவது குறைந்துவிட்டது. மேனேஜர் ஒவ்வொருவரையாகத் தன் அறைக்குக் கூப்பிடுகிறார். போனவர்கள் திரும்பி வரும்போது யார் கண்ணையும் பார்ப்பதில்லை. தொடர்ந்து தோற்கிறோம். தோற்ற பிறகு பேருந்தில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. 

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அம்மா கல்லறைக்கு என் பங்குக்கும் மெழுகுவத்தி ஏற்று.

தம்பி,
பெஞ்சமின்

உத்திரமேரூர்
28 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

பண்டிகை நல்லபடி முடிந்தது. கல்லறைக்குப் போய் வந்தோம். உன் மாமா அருள்தாஸ் உன் பங்குக் கறியையும் தானே சாப்பிட்டதாகச் சொல்லச் சொன்னார். உனக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

நீ போட்டோ தராதே என்றாய். தரவில்லை. அவர்களே எங்கோ இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் பெரிய பேனர். நீ பந்தைப் பிடித்தபடி இருக்கிறாய். உனக்கு மேலே உன்னைவிடப் பெரிதாக வேதகிரி கும்பிடுகிறார். "மண்ணின் மைந்தன் பெஞ்சமின் சுழற்கோப்பை" என்று எழுத்து. நைனா தினமும் அந்த வழியாகப் போய் ஒருதரம் நின்று பார்த்துவிட்டு வருகிறார். அதைப் பார்த்துவிட்டு எனக்கு அதைக் கிழிக்க மனம் வரவில்லை.

ஆனால் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே பேச்சு.

"கோழிக் கழிவ கிரவுண்டுல கொட்டாதீங்க. பிள்ளைங்க விளையாட முடியல" என்றேன்.

"இன்னா டீச்சரம்மா, கோயி நாத்தம்கூட தாங்க முடியலன்னா புள்ளைங்கோ இன்னாத்த ஆடப் போவுதுங்கோ? உன் தம்பிய ஊருக்கே காட்டிக்கினு கீறேன் நானு. அத்த வுட்டுட்டு குப்பையப் பத்திப் பேச வந்துட்ட."

"பேனர எடுத்துடுங்க. மூட்டையையும் எடுத்துடுங்க."

அவர் சிரித்தார். "பேனரு என்னுது. எடம் சர்க்காருது. உன்னுது இன்னா கீது இதுல?"

திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் மூட்டைகள் கூடியிருந்தன.

நல்ல செய்தி ஒன்று: சசிரேகா கத்திவிட்டாள். "வுடுடி, என் பந்து" என்று ஏரிக்கரை வரைக்கும் கேட்டது. கத்திவிட்டு அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை மாமாவிடம் படித்துக் காட்டவில்லை. உன்னை அந்த அறைக்குக் கூப்பிட்டார்களா?

அக்கா,
ஷீபா

சிலிகுரி
14 ஜனவரி 2025

அக்காவுக்கு,

சுகம். அங்கே பொங்கல் விடுமுறை என்பதால் நீ வீட்டில் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

கூப்பிட்டார். என்ன பேசினார் என்று எழுதமாட்டேன். அவர் மேஜையில் பாதி தின்ற மீன் இருந்தது. பேசி முடித்துவிட்டு அதே கையால் என் கன்னத்தைத் தட்டினார். அறைக்கு வந்து முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வாடை போகவில்லை.

வசந்த்குமார் என்னைப் பார்த்து, "இன்னாடா, ஓகேதானே?" என்றான். நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சசிரேகாவுக்கு இந்தமுறை ஒன்றும் இல்லை.

பெஞ்சமின்

உத்திரமேரூர்
2 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

சாப்பிட்டாயா, தூங்குகிறாயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். அதைக் கேட்டால் நடிப்பதாகிவிடும்.

போன வாரம் உங்கள் ஆட்டத்தைப் போனில் போட்டேன். பள்ளியிலிருந்து வந்து திறந்தபோது ஏற்கனவே இரண்டு கோல் விழுந்திருந்தது. மூன்றாவதைத்தான் பார்த்தேன். தூரத்திலிருந்து ஒருவன் மெதுவாகத் தள்ளிய பந்து. நேராக உன்னிடம் வந்தது. நீ குனிந்தாய். அது உன் கைக்கும் காலுக்கும் நடுவே நழுவி வலைக்குள் போயிற்று. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் சசிரேகா அந்தப் பந்தைத் தூக்கத்தில் பிடிப்பாள்.

இப்போது அந்தத் துண்டு மட்டும் எல்லார் போனிலும் ஓடுகிறது. காசு வாங்கிவிட்டான் என்று கீழே எழுதுகிறார்கள். உங்கள் கிளப் உன்னை நிறுத்திவைத்து விசாரணை என்று அறிவித்துவிட்டது. போனைத் திருப்பித் தந்திருப்பார்கள்தானே? எத்தனை தடவை அடித்தும் நீ எடுக்கவில்லை.

அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று நீ எழுதவில்லை. முகம் கழுவினேன் என்று மட்டும் எழுதினாய். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். தம்பி, நீ செய்தாயா?

செய்திருந்தாலும் நீ என் தம்பிதான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா,
ஷீபா

சிலிகுரி
15 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஊரே துப்பும்போது உன் எச்சில் ஒன்றுதான் குறைவாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். கேள்விக்குப் பதில் இல்லை. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். நைனாவைப் பார்த்துக்கொள்.

பெஞ்சமின்

உத்திரமேரூர்
1 மார்ச் 2025

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காவிட்டால் கிழித்துப் போடு.

நைனா சுகம் என்று சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வேதகிரியின் ஆள் ஒருத்தன் எல்லோர் முன்னாலும், "உன் புள்ள எவ்ளோக்கு கோல வுட்டான் பெர்சு?" என்று கேட்டிருக்கிறான். நைனா வாயில் வைத்த டீயை விழுங்கவில்லை. அவன் காலடியில் துப்பிவிட்டு, மீதியைத் தரையில் ஊற்றி, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். வந்தவர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "அவங்கிட்ட இன்னா ஏதுன்னு ஒருத்தனும் கேக்கல, எங்கிட்ட வெல கேக்குறானுங்கோ." அதற்குப் பிறகு கோயிலுக்கும் வருவதில்லை.

பேனரில் உன் முகத்தின் மேல் தாள் ஒட்டிவிட்டார்கள். இப்போது அதிலும் வேதகிரியின் முகம். உன் உடம்பு, உன் கையுறை, அவர் தலை. பந்தைப் பிடித்துக்கொண்டு மீசையோடு நிற்கிறார். பார்த்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்கு வரவில்லை. போட்டியை "வேதகிரி சுழற்கோப்பை" என்று மாற்றி நடத்தப் போகிறாராம்.

நான் கேட்டது உன்னைப் புண்படுத்தியது என்று தெரிகிறது. கேட்டிருக்கக் கூடாது என்று மட்டும் எழுதமாட்டேன். கேட்காமல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு உன்னோடு நலமா என்று பேசிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது.

அக்கா,
ஷீபா

உத்திரமேரூர்
6 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு வழி இல்லை.

போட்டி நடந்தது. அன்றைக்குக் காலையில் நானும் மாமாவும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த மூட்டைகளை எல்லாம் லோடு ஆட்டோவில் ஏற்றினோம். பிள்ளைகளை வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு மூட்டை பிய்ந்து மாமா மேலேயே கொட்டியது. அவர் கெட்ட வார்த்தையில் ஜெபம் செய்தார். நேரே வேதகிரி வீட்டு வாசலுக்குப் போய், விருந்தாளிகளின் கார் நிற்கும் இடத்தில் இறக்கினோம்.

அவர் வேட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாடி பண்ணிக்கினு கீற?" என்றார். 'டீச்சரம்மா' போய்விட்டது.

"உங்க பொருள உங்க எடத்துல வச்சிட்டோம்" என்றேன்.

போலீஸ் வந்தது. வந்த ஏட்டய்யா ஜீப்பை விட்டே இறங்கவில்லை, அவ்வளவு வீச்சம். பள்ளியில் விளக்கம் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். வேலைக்கு இதுவரை ஆபத்தில்லை. இனிமேல் எப்படியோ.

மைதானத்தில் மூட்டை விழுவது நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று எழுதலாம் என்றிருந்தேன். போன வாரம் சசிரேகா வந்து, இப்போது ஏரிக் கால்வாய்க்கு மேற்கே, இருளர் குடிசைகள் பக்கம் கொட்டுகிறார்கள் என்றாள். நாற்றம் போகவில்லை, தள்ளிப் போயிருக்கிறது. அங்கேயும் போக வேண்டும்.

விசாரணை எப்போது? தனியாகவா போகிறாய்? ஒரு வரி எழுது. அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டாம். சாப்பிட்டேன் என்று எழுதினால் போதும்.

அக்கா,
ஷீபா

சிலிகுரி
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டேன். நீயும் மாமாவும் நைனாவும் சுகமா? மாமா அதற்குப் பிறகு குளித்தாரா?

விசாரணை முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அந்த அறையில் மேனேஜர் சொன்னது இதுதான். கடைசி மூன்று ஆட்டமும் தோற்க வேண்டும், பந்தயம் கட்டியிருக்கும் முதலாளிகளின் கணக்கு அப்படி. "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். அடுத்த வருடமும் உனக்கு இந்தக் கிளப்பில் இடம் உண்டு" என்றார். முடியாது என்றேன். அதற்குத்தான் கன்னத்தில் தட்டிச் சிரித்தார். நான் மறுத்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அந்த ஆட்டத்தில் ஏன் என்று புரிந்தது. முதல் கோலுக்கு வசந்த்குமார் ஷூ லேசைக் கட்டக் குனிந்தான். இரண்டாவதுக்கு மூன்று பேர் கதவு திறப்பது போல விலகினார்கள். என் முன்னால் வெறும் புல்தரை. தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவனும் திரும்பவில்லை.  அப்போதுதான் அந்த மூன்றாவது பந்து. அதற்கு யாரும் காரணமில்லை. என் கால் மரத்துப் போயிருந்தது, கை கல்லாகிவிட்டது, நழுவிவிட்டது. என் வாழ்க்கையிலேயே மோசமான பிழை. மற்ற இரண்டையும் ஒருவரும் காட்டவில்லை. அதை மட்டும் வெட்டி எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

விசாரணைக் குழுவிடம் மேனேஜர் பெயரைச் சொன்னேன். இதைச் சொன்னால் இனி எந்தப் பெரிய கிளப்பும் கூப்பிடாது என்று தெரிந்துதான் சொன்னேன். வசந்த்குமாரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். வெளியே வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், எனக்குக் கொயந்த பொறக்கப் போவுதுடா. உனக்கு இன்னா, தனிக்கட்ட" என்றான். அவன் உள்ளங்கை வியர்த்திருந்தது. உதறிவிட்டேன். ஆதாரம் போதவில்லை என்று முடித்துவிட்டார்கள். மேனேஜர் இருக்கிறார். நான் இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன கிளப் ஜூனில் வந்து பார் என்றது. என் கதை தெரியும், பரவாயில்லை என்றார்கள். அந்தப் 'பரவாயில்லை'யையும் விழுங்கிக்கொண்டேன். அதற்கு முன் ஊருக்கு வருகிறேன். வியாழக்கிழமை ரயில். யாரும் நிலையத்துக்கு வர வேண்டாம். வந்ததும் கால்வாய்ப் பக்கம் போகலாம், மாமாவை வண்டியைத் தயாராக வைக்கச் சொல்.

இன்னும் ஒன்று. அந்தக் குழுவில் மூன்று பேர். ஹோட்டல் அறை, மேஜை நிறைய முந்திரி. என் வங்கிக் கணக்கைக் கேட்டார்கள். யார் யாரோடு பேசினேன் என்று கேட்டார்கள். என் அப்பாவுக்குச் சொந்த நிலம் உண்டா, வீடு எப்படி, எந்தச் சாதி என்றுகூட ஒருவர் சுற்றி வளைத்துக் கேட்டார். நீ செய்தாயா என்று மட்டும் கேட்கவில்லை. கடைசிவரை காத்துக்கொண்டிருந்தேன். எழுந்து கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிளப் கேட்கவில்லை, பத்திரிகைக்காரன் கேட்கவில்லை. ஊரில் நைனாவிடம் விலைதான் கேட்டார்கள். எல்லோரும் கேட்காமலே தெரிந்துகொண்டவர்கள். உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு, உன்னையும் அவர்களோடு சேர்த்து எண்ணிக் குமட்டியது எனக்கு. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். என்னிடம் அதைக் கேட்டவள் நீ ஒருத்திதான்.

இல்லை, அக்கா. நான் செய்யவில்லை.

உன் தம்பி,
பெஞ்சமின்